ஜப்பானியப் பேய்ப் படங்கள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியப் பேய்ப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். "ஒன்றுமே நடக்கவில்லையே" என்பார்கள். பொறுமையாகக் கடைசிவரை பார்த்தவர்களோ, "அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள்? அவளை எதற்குப் பேய் கொன்றது?" என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இந்தப் படங்களுக்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி 200 ஆண்டுகளுக்கு முந்தைய கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடையிலிருந்து வந்தது, இன்னொரு பகுதி 1990களின் வீடியோ கேசட் காலத்தில் சேர்ந்தது. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், ஒன்றும் நடக்காத அந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு நடக்கிறது என்று புரியும்.

நண்பர்கள் கேட்டால் எந்த வரிசையில் சொல்வேனோ அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். புதிய படங்களின் கதைத் திருப்பங்களைச் சொல்லவில்லை. பழைய நாடகக் கதைகளை மட்டும் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். ஜப்பானில் படம் பார்க்கப் போகிறவருக்கு அவை ஏற்கெனவே தெரிந்த கதைகள்; நமக்கும் தெரிந்திருந்தால்தான் சமமாகப் பார்க்க முடியும்.

முதல் படி: பேயின் நியாயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ப் பேய்ப் படங்களில் பேய்க்கு ஒரு கணக்கு இருக்கும். யார் கொன்றார்களோ அவர்களைத் தேடிப் போகும். கெட்டவன் செத்ததும் சாந்தியாகிவிடும். பூசாரியோ சாமியோ நடுவில் வந்து வழக்கை முடித்துவைப்பதும் உண்டு. அந்த எதிர்பார்ப்போடு ஜப்பானியப் படத்துக்குள் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஜப்பானிய நம்பிக்கையில் இறந்தவரின் ஆவி பொதுவாக யூரெய். அவற்றில் ஆற்றாமையோடும் ஆத்திரத்தோடும் செத்த ஆவிக்கு ஓன்ரியோ என்று பெயர். ஓன்ரியோவின் கோபம் ஒரு ஆளின் மேல் மட்டும் நிற்பதில்லை. அது நோய், தீ, மின்னல் என்று எந்த வடிவத்திலும் வரும். யார் தலையில் வேண்டுமானாலும் விழும்.

இதற்கு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் சுகவாரா நோ மிச்சிசானே. இவர் கவிஞர், அறிஞர், அரசவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அரசியல் சூழ்ச்சியில் 901-இல் தசாய்ஃபுவுக்கு நாடு கடத்தப்பட்டு, 903-இல் அங்கேயே இறந்துபோனார். அதன் பிறகு அவருக்கு எதிராக வேலை செய்தவர்கள் செத்தார்கள். பட்டத்து இளவரசர் செத்தார். 930-இல் கியோட்டோ அரண்மனையில் மின்னல் விழுந்து அரசவையினர் சிலர் இறந்தார்கள். எல்லாம் மிச்சிசானேயின் கோபம் என்று தலைநகரம் நடுங்கியது. கடைசியில் ஆவியைச் சமாதானப்படுத்தவே முனைந்தார்கள். பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 947-இல் கிதானோவில் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். இன்று தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் வேண்டிக்கொள்ளும் கல்வித் தெய்வம் அவர்தான்.

அரசை எதிர்த்துக் கிளர்ந்து 940-இல் போரில் கொல்லப்பட்ட போர்வீரர் தைரா நோ மசகாதோவின் தலை புதைந்ததாகச் சொல்லப்படும் மேடும் இப்படித்தான். டோக்கியோவின் ஓதெமாச்சி வணிகப் பகுதியில், நிலத்தின் விலை சொல்லி மாளாத இடத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது இன்றும் பராமரிக்கப்படுகிறது.

ஆக, ஓன்ரியோவைத் தோற்கடிக்க வழியில்லை. சமாதானப்படுத்த முயலலாம், அதுவும் பலிக்கும் என்ற உறுதி இல்லை. தகாஷி ஷிமிசுவின் "ஜு-ஆன்" தொடங்கும்போதே திரையில் எழுத்தாக இந்த விதி வந்துவிடும்: கடும் ஆத்திரத்தோடு ஒருவர் சாகும்போது சாபம் பிறக்கிறது, அவர் வாழ்ந்த இடத்தில் அது சேர்ந்து கிடக்கிறது, அதைத் தொட்டவர்கள் சாவார்கள், அந்தச் சாவிலிருந்து மறுபடி சாபம் பிறக்கும். முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வரும் சமூக சேவைப் பெண் எந்தப் பாவமும் செய்தவள் இல்லை. வாசலைத் தாண்டினாள், அவ்வளவுதான். "எதற்குக் கொன்றது?" என்ற கேள்விக்கு இந்த வகைப் படத்தில் இதுதான் பதில். இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: மூன்று பெண்களை அறிந்துகொள்ளுங்கள்

ஜப்பானியத் திரையில் வரும் பெண் பேய்களில் பெரும்பாலானவை "எதோ" காலத்து (1603–1868; இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எதோ என்று பெயர்) மூன்று பெண்களின் வாரிசுகள். ஓய்வா, ஓக்கிகு, ஓத்சுயு.

ஓய்வாவின் கதை கபுகி நாடகமாக 1825-இல் எதோவின் நகமுரா அரங்கில் அரங்கேறியது. எழுதியவர் நான்காம் த்சுருயா நம்போக்கு. ஓய்வாவின் கணவன் இயெமொன் வேலையில்லாத சாமுராய். பக்கத்துப் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு அவன்மேல் ஆசை. அந்த வீட்டார் குழந்தை பெற்ற ஓய்வாவுக்கு மருந்து என்று சொல்லி விஷம் அனுப்புகிறார்கள். நன்றி சொல்லிக் குடிக்கிறாள். முகம் ஒரு பக்கம் வீங்கிச் சிதைந்துபோகிறது. அதைக் கண்ணாடியில் பார்த்த பிறகும் அவள் அழுது புரளுவதில்லை. அந்த வீட்டுக்குப் போய் நியாயம் கேட்க வேண்டும், அதற்குமுன் தலையை வாரிக்கொள்ள வேண்டும் என்று சீப்பை எடுக்கிறாள். வாரவாரக் கொத்துக்கொத்தாக முடி கையோடு வருகிறது. கபுகியின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று இது. அவள் இன்னும் சாகவில்லை, பேயும் ஆகவில்லை. ஆனாலும் மேடையில் இதைவிடப் பயங்கரமானது எதுவும் கிடையாது. அவமானப்பட்ட ஒரு பெண் வெளியே கிளம்புவதற்காகத் தலை வாரிக்கொள்கிறாள், அதுகூட அவளுக்கு வாய்க்கவில்லை. இன்றும் இந்தக் கதையை நடிக்கப் போகிற கலைஞர்கள் டோக்கியோவின் யோத்சுயாவில் இருக்கும் ஓய்வாவின் கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டுத் தொடங்குவது வழக்கம். ஜப்பானியப் படத்தில் பெண் ஒருத்தி கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரினால், அங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஓக்கிகு பணிப்பெண். எஜமானின் பத்துத் தட்டுகளில் ஒன்று தொலைந்துபோன பழி அவள்மேல் விழ, அவள் முடிவு கிணற்றில். இரவில் கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் கேட்கும். ஒன்பது வந்ததும் ஓலம். ஹிமெஜி கோட்டையில் அவள் பெயரால் ஒரு கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். ஹிதெயோ நகாதாவின் "ரிங்கு" 1998-இல் வந்தபோது, அதில் தெரியும் கல் கிணறு ஜப்பானியருக்குப் புதிதாக இருந்திருக்காது.

ஓத்சுயு வித்தியாசமானவள். அவளுக்குப் பழி எதுவும் இல்லை, காதல்தான். செத்த பிறகும் பணிப்பெண் விளக்கு ஏந்தி முன்னால் வர, இரவுதோறும் காதலன் வீட்டுக்கு வருவாள். மரச்செருப்புச் சத்தம் "கரன் கொரன்" என்று தெருவில் கேட்கும். அதுதான் அவள் வருகைக்கு அடையாளம். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தால் காதலன் அணைத்துக்கொண்டிருப்பது எலும்புக்கூட்டை. வீட்டைச் சுற்றி மந்திரத் தாள்கள் ஒட்டிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அதே பக்கத்து வீட்டுக்காரன் காசு வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கிழித்துவிடுகிறான். பேயைத் தடுக்கும் காப்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது மனிதனால் வந்திருக்கும்: இந்த விதியைப் பல படங்களில் பார்ப்பீர்கள்.

மூன்றாம் படி: உருவத்தை வாசிக்கப் பழகுங்கள்

வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் கறுப்பு முடி. உலகத்துக்கே தெரிந்த உருவம் இது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

வெள்ளை என்பது சவத்துக்கு உடுத்தும் உடை. உயிரோடு இருப்பவர்கள் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலே வைத்து உடுத்துவார்கள். இறந்தவர்களுக்கு மட்டும் வலப்பக்கம் மேலே. பழங்காலக் கதைப் படங்களில் ஒரு பாத்திரத்தின் மார்பில் துணி எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்த்தாலே சில நேரம் விஷயம் புரிந்துவிடும். எதோ காலத்தில் பெண்கள் முடியைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். அதனால் அவிழ்ந்து தொங்கும் முடி என்றாலே ஒழுங்கு குலைந்துவிட்டது என்று பொருள். கால்கள் இல்லாத உருவத்தைப் பரவலாக்கியவர் என்று 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோவைச் சொல்வார்கள். ஓத்சுயு கதையைப் புகழ்பெறச் செய்த கதைசொல்லி சன்யூதெய் என்சோ சேர்த்த பேய் ஓவியங்கள் டோக்கியோவின் யனாகா பகுதியில் சென்ஷோவான் கோயிலில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆகஸ்டும் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு "ரிங்கு" பார்த்தால், அதில் வரும் பேய் சதாகோ எங்கிருந்து வந்தாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அசைவுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். "ரிங்கு"வில் சதாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். மனித உடல்தான், ஆனால் எடையும் நடையும் எங்கோ பிசகுகிறது. "ஜு-ஆன்" படத்தின் கயாகோ மாடிப்படியில் ஊர்ந்து இறங்குவாள். தொண்டையிலிருந்து வரும் அந்த கரகரப்பு அவளுக்கு முன்னாலேயே வந்துவிடும். கியோஷி குரோசவாவின் "கைரோ"வில் ஒரு பெண் ஆவி மெதுவாக நடந்து வருகிறது. நடுவில் கால் இடறி, உடல் வளைந்து, மறுபடி நிமிர்ந்து வருகிறது. வேறொன்றும் செய்வதில்லை. இந்த வகைப் படங்கள் அத்தனையிலும் எனக்கு மிக அச்சமூட்டிய சில நொடிகள் அவைதான். பேய் ஓடிவந்தால் நாமும் ஓடலாம் என்று மனம் நினைக்கும். இடறி எழுந்து அதே வேகத்தில் வரும் ஒன்றிடம் என்ன செய்வது என்று மனத்துக்குத் தெரிவதில்லை.

நான்காம் படி: பார்க்கும் சூழலைச் சரிசெய்யுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கைபேசியில், பகல் வெளிச்சத்தில், பேருந்தில் போகும்போது இந்தப் படங்களைப் பார்த்தால் பாதிப் படம் உங்கள் கண்ணில் படாது. காரணம் எளிது: பேய் பெரும்பாலும் திரையின் நடுவில் இருப்பதில்லை. பின்னணியில், மங்கலாக, கதவிடுக்கில், கண்ணாடியில் இருக்கும். கேமரா அதைச் சுட்டிக்காட்டாது, பாத்திரமும் கவனிக்காது. பார்ப்பவர் மட்டும் கவனிக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் பெரிய ஸ்டூடியோக்களில் தொடங்கியதல்ல. நோரியோ த்சுருதா 1991-இல் இயக்கத் தொடங்கிய வீடியோ குறும்படத் தொகுப்பு வாசகர்கள் அனுப்பிய "உண்மைப் பேய் அனுபவங்கள்" என்ற வகையை ஒட்டியது. செலவு குறைவு. பேய் தூரத்தில் சும்மா நிற்கும், அவ்வளவுதான். அந்த நிற்பு பின்னால் வந்த இயக்குநர்கள் பலரையும் பாதித்தது.

ஆகவே, இரவில் பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அறைக்குள் கேமரா போனதும் நடிகரின் முகத்தை மட்டும் பார்க்காமல் ஓரங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். திறந்த கதவு, நீளமான நடைபாதை, திரைச்சீலை, சுவருக்குள் இருக்கும் படுக்கை அலமாரி. ஒரு ஷாட் தேவையைவிட நீளமாக நீடித்தால் அது இயக்குநரின் கவனக்குறைவு இல்லை, உங்களைத் தேடச் சொல்கிறார். "ஜு-ஆன்"-இல் ஒரு பெண் லிஃப்டில் மேலே போகும் காட்சி இருக்கிறது. அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நீங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு மாடியையும் பாருங்கள்.

மொழிமாற்றுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். பேச்சுக்கு நடுவில் விழும் இடைவெளியை டப்பிங் குலைத்துவிடும். சப்டைட்டிலோடு ஜப்பானிய ஒலியில் பாருங்கள். கையெழுத்து, செய்தித்தாள், கணினித் திரையில் வரும் சொற்களையும் மொழிபெயர்த்திருக்கும் சப்டைட்டில் என்றால் நல்லது. "ரிங்கு"வில் அந்தச் சொற்கள் இல்லாமல் கதை புரியாது.

ஐந்தாம் படி: காதைத் தயார்படுத்துங்கள்

கபுகியில் ஆவி வரும்போது மெல்லிய குழல் இழையும், பெரிய முரசு தாழ்வாக உருளும். ஜப்பானில் குழந்தைக்குக்கூட அந்த ஒலி தெரியும். சினிமா அதிலிருந்து விலகி வேறு வழிகளைத் தேடியது.

1964-இல் மசாகி கோபயாஷி எடுத்த "க்வைதான்" படத்துக்கு இசையமைத்தவர் தோரு தகெமித்சு. அதன் முதல் கதையில் ஒருவன் ஏழை மனைவியை விட்டுவிட்டுப் போய், வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறான். பலகை உடைகிறது, அவன் விழுகிறான், ஓடுகிறான். ஆனால் நாம் எதிர்பார்க்கும் சத்தம் வருவதில்லை. முற்றிலும் மௌனம், பிறகு மரம் பிளக்கும் ஒலி, அதுவும் அசைவோடு பொருந்தாமல். கண்ணும் காதும் வேறு வேறு உலகில் இருப்பது போன்ற தவிப்பு அது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

1990களின் படங்களில் பயம் அன்றாட ஒலிகளில் வந்து ஒட்டிக்கொண்டது. தொலைபேசி மணி, சொட்டும் தண்ணீர், பூனையின் குரல், ஒளிபரப்பு முடிந்த தொலைக்காட்சியின் இரைச்சல். திடீரென்று பலத்த சத்தம் எழுப்பித் தூக்கிப்போடும் உத்தியை நல்ல ஜப்பானியப் படம் மிகச் சிக்கனமாகத்தான் பயன்படுத்தும். அமைதி கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அடையாளங்களைக் கவனியுங்கள்

இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தெரிந்திருந்தால் காட்சி இன்னும் ஆழமாக இறங்கும்.

நீர். கிணறு, கடல், குளியல் தொட்டி, கூரையில் கசியும் ஈரம். நகாதாவின் 2002 படமான "டார்க் வாட்டர்" முழுக்கவே தண்ணீர்தான். பழைய அடுக்குமாடி வீடு, கூரையில் ஒரு ஈரக்கறை, நாளுக்கு நாள் அது பெரிதாகிறது. அந்தக் கறைதான் அந்தப் படத்தின் பேய் என்றுகூடச் சொல்வேன்.

கருவிகள். "ரிங்கு"வில் வீடியோ கேசட், "கைரோ"வில் இணையம், தகாஷி மீகே 2003-இல் எடுத்த படத்தில் கைபேசி. பழைய பேய் வீட்டோடு கட்டுண்டது. கருவி வந்ததும் அது வீடு விட்டு வீடு போகக் கற்றுக்கொண்டது. இன்று இளைஞர்கள் வீடியோ கேசட்டைப் பார்த்ததே இல்லை என்பதால் பயம் குறையுமோ என்று கேட்கிறார்கள். குறையாது. பார்த்துவிட்டால் திரும்பப் பார்க்காமல் ஆக்க முடியாத ஒன்று என்ற பயம் இப்போதுதான் இன்னும் அதிகம்.

ஒட்டி மூடிய கதவுகள். "கைரோ"வில் கதவு விளிம்பெங்கும் சிவப்பு நாடா, "ஜு-ஆன்"-இல் நாடா ஒட்டிய அலமாரி. ஓத்சுயு கதையின் மந்திரத் தாள்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

எண் 4. ஜப்பானிய மொழியில் இதன் ஓர் உச்சரிப்பும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. மருத்துவமனைகளில் நான்காம் எண் அறையைத் தவிர்ப்பதும் உண்டு. ஷிமிசு 1998-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எடுத்த குறும்படம் ஒன்றின் பெயரே பத்து நான்குகள். கயாகோவும் அவள் மகன் தோஷியோவும் முதலில் தலைகாட்டியது அந்த நிகழ்ச்சிக்காக எடுத்த குறும்படங்களில்தான்.

காலம் என்றால் கோடை. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்களில் முன்னோர் ஆவிகள் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை. கபுகியிலும் பேய் நாடகங்களுக்குக் கோடைதான் பருவம். அதனால் இந்தக் கதைகளில் இடிமழை இரவைவிட வெயிலும் புழுக்கமும் அதிகம் வரும். நேரம் என்றால் விடியலுக்கு வெகுமுன் 2 மணி வாக்கு.

ஏழாம் படி: மனிதர்களை விட்டுவிடாதீர்கள்

பேயையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் படங்களின் உயிர் தவறிவிடும். மையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தனித்துப்போன மனிதர்கள். "ரிங்கு"வின் ரெய்கோ மணமுறிவுக்குப் பிறகு வேலையையும் மகனையும் ஒருசேரச் சுமக்கும் செய்தியாளர். கோஜி சுசுகியின் 1991 நாவலில் அந்தப் பாத்திரம் ஆண். அதைத் தாயாக மாற்றியதால்தான் படத்துக்கு அந்த வலி வந்தது என்பது என் கருத்து. "டார்க் வாட்டர்" படத்தின் யோஷிமி மகள் தன்னிடம் இருக்க வேண்டும் என்று வழக்கில் போராடுகிறாள். பள்ளி முடிந்து காத்திருக்கும் குழந்தை, நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத அம்மா: பேய் இல்லாவிட்டாலும் நெஞ்சை அடைக்கும் காட்சி அது.

ரெய்கோவின் தேடல் பழைய செய்திகளை நோக்கிப் போகும்போது, தொலைநோக்கு ஆற்றல் உள்ள ஒரு பெண்ணைச் செய்தியாளர் கூட்டத்தின் முன் சோதிக்கும் காட்சி வரும். அதற்கு உண்மைப் பின்னணி இருக்கிறது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் தொமோகிச்சி ஃபுகுராய் 1910-இல் மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை அறிஞர்கள் முன்னிலையில் சோதனைக்கு உட்படுத்தினார். மோசடி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தார். கூட்டம் கூடி ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கியது என்ற அந்த வடு, கிணற்றைவிட ஆழமாகக் கதைக்குள் கிடக்கிறது.

இன்னொன்று. எலும்பு கிடைத்துவிட்டது, உண்மை தெரிந்துவிட்டது, இசையும் கனிந்துவிட்டது என்றால் எழுந்து போய்விடாதீர்கள். படத்தின் மிச்ச நேரம் எவ்வளவு என்று பார்க்கவும் வேண்டாம். முதல் படியில் சொன்ன விதியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

எட்டாம் படி: இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் "டார்க் வாட்டர்". கதை நேராகப் போகும், மனிதர்கள்மேல் பிடிப்பு வரும், ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. அடுத்து "ரிங்கு". ஒன்றரை மணி நேரம்தான்; துப்பறியும் கதையாகவே நகர்வதால் அலுக்காது.

அப்புறம் உடனே "ஜு-ஆன்"-க்குப் போகாமல், பின்னோக்கி ஒரு தாவல். கென்ஜி மிசோகுச்சியின் "உகெட்சு", 1953. வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்ற படம். இதைப் பேய்ப் படம் என்று மட்டும் சொன்னால் குறைவு. போர்க்காலத்தில் காசுக்காக வீட்டை விட்டுப் போன ஒரு குயவன் திரும்பி வரும் காட்சிக்காகவே பார்க்கலாம். வீடு வெறுமையாகக் கிடக்கிறது. அவன் வெளியே சுற்றிக்கொண்டு வருவதற்குள், வெட்டே இல்லாமல், அதே ஷாட்டில் அடுப்பு எரிகிறது, மனைவி உட்கார்ந்திருக்கிறாள். எந்தத் தந்திரமும் இல்லை. ஆவியை இவ்வளவு அன்போடு காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு "க்வைதான்". மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், நான்கு தனிக் கதைகள். ஓர் இரவுக்கு ஒன்றாகப் பார்த்தாலும் குறைவில்லை. மூன்றாவது கதையில் பார்வையற்ற இசைக்கலைஞன் ஹோய்ச்சியை ஆவிகளிடமிருந்து காக்க உடல் முழுக்கப் புத்த சூத்திரம் எழுதுகிறார்கள். காதுகளை மட்டும் மறந்துவிடுகிறார்கள். மீண்டும் அதே ஓட்டை.

இப்போது "ஜு-ஆன்". 2000-இல் நேரடி வீடியோவாக இரண்டு படங்கள் வந்தன; 2002-இன் திரையரங்கப் படத்திலிருந்து தொடங்கினாலே போதும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு மனிதரின் பெயர், காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். வரிசைப்படுத்திப் புரிந்துகொள்ள முயன்றால் களைப்புதான். அந்த வீட்டைக் கதாநாயகனாக வைத்துக்கொண்டு பாருங்கள்.

கடைசியாக "கைரோ", 2001. கான் விழாவில் விமர்சகர்களின் பரிசு பெற்றது. மெதுவான படம், ஆனால் இந்த வகையின் சிகரம் என்றே நினைக்கிறேன். தற்கொலைகள் நேரடியாக வருகின்றன. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் இதைப் பார்க்காதீர்கள். தள்ளிப்போடலாம், படம் எங்கும் போய்விடாது. "டார்க் வாட்டர்" படத்தில் குழந்தை தொலைந்துபோவதும் கைவிடப்படுவதும் வருவதால், சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோர் அதையும் தெரிந்துகொண்டே தொடங்குவது நல்லது. "ஜு-ஆன்" குடும்ப வன்முறையில் பிறக்கும் கதை. இவற்றில் எதையும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

ஹாலிவுட் மறுஆக்கங்களை மூலத்துக்குப் பிறகு பாருங்கள். "ரிங்கு" 2002-இல் "தி ரிங்" ஆனது. "ஜு-ஆன்" 2004-இல் "தி க்ரட்ஜ்" ஆனது. அதை ஷிமிசுவே டோக்கியோவில் எடுத்தார், கயாகோவாக அதே தகாகோ ஃபுஜி நடித்தார். ஒரே இயக்குநர், ஒரே பேய், பார்வையாளர் மட்டும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து போட்டு, ஒரே காட்சியில் எங்கே இசை கூடியிருக்கிறது, எங்கே விளக்கம் கூடியிருக்கிறது, பேய் எத்தனை நொடி முன்னதாக முகம் காட்டுகிறது என்று கவனியுங்கள்.